புதிய சிரஸ்தார், தலைமை எழுத்தர்களுக்கு மேற்பார்வைப் பயிற்சி நடத்துவது எப்படி: தேதி குறிப்பதிலிருந்து மூன்றாம் மாதம் வரை

கோர்ட் அலுவலக ஊழியர்களை மேற்பார்வை செய்கிறவர் மாவட்ட முன்சீப் கோர்ட்டிலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் தலைமை எழுத்தர், சார்பு நீதிமன்றத்திலும் மாவட்ட நீதிமன்றத்திலும் சிரஸ்தார். இந்த நாற்காலிகளில் புதிதாக உட்காருபவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்தும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நானும் அந்த நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவன்தான், பிறகு சிலருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். முதல் தடவை நான் நடத்திய விதம் படுமோசம். விதிகளைப் படித்துக் காட்டினேன், எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள், திங்கட்கிழமை எதுவும் மாறவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. இருபது வருஷம் பெஞ்ச் கிளார்க்காகவும் (கோர்ட் அறையில் நீதிபதியின் அருகே கட்டுகளைக் கவனிப்பவர்) நகல் பிரிவிலும் பழகிய கை, பதவி உயர்வு வந்தாலும் பேனாவைக் கீழே வைக்காது. இளநிலை உதவியாளர் பாதியில் விட்ட அறிக்கையை இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து தானே முடிப்பார், அதைப் பெருமையாகவும் சொல்வார், ஆனால் பக்கத்து அறையில் நகல் விண்ணப்பம் மூன்று வாரமாகக் கிடப்பது அவருக்குத் தெரியாது. விதி அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். வேலை எங்கே நிற்கிறது என்று பார்க்கிற கண்தான் இன்னும் வரவில்லை. கீழே உள்ள வரிசை அந்தக் கண்ணைப் பழக்குவதற்காக அமைத்தது, அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

1. தேதியும் அனுமதியும்

முதன்மை மாவட்ட நீதிபதியின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். வாய்மொழியாக ‘சரி, நடத்துங்க’ என்று சொல்லியிருந்தாலும், வருகிறவர்கள் தங்கள் கோர்ட்டில் காட்ட ஒரு தாள் வேண்டும். இல்லையென்றால் பாதிப் பேர் ‘ஐயா விடவில்லை’ என்று சொல்லி வரமாட்டார்கள்.

கோர்ட் அமராத சனிக்கிழமைகள்தான் வசதி. ஆனால் காலண்டரைப் பாருங்கள். தேசிய மக்கள் நீதிமன்றம் பெரும்பாலும் சனிக்கிழமையில்தான் வரும், அன்றைக்கு ஊழியர்கள் யாரும் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள். மாதத்தின் முதல் வாரமும் வேண்டாம், மாதாந்திர அறிக்கைகள் அனுப்புகிற நேரம், உடம்பு உங்கள் முன்னால் இருக்கும், மனசு அந்தப் படிவத்தில் இருக்கும். மே மாத விடுமுறையும் சிவில் பக்கத்துக்கு மட்டும்தான், மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் நடந்துகொண்டிருக்கும்.

மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து வருகிறவர்களிடம் அன்றைக்கு விடுமுறை ரிமாண்ட் பணி அவர்களுக்கு இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் ஆஜர்படுத்தியாக வேண்டும், போலீஸ் உங்கள் பயிற்சி முடியும்வரை காத்திருக்காது. மதியம் மூன்று மணிக்கு இரண்டு பேர் எழுந்து ஓடியதைப் பார்த்த பிறகுதான் நான் இதைக் கேட்கப் பழகினேன்.

ஆட்கள் 12 பேருக்கு மேல் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மாதமாவது ஆனவர்களாகப் பாருங்கள், நேற்று உட்கார்ந்தவருக்கு இன்னும் எங்கே வலிக்கிறது என்றே தெரிந்திருக்காது. தொடக்க உரைக்கு நீதிபதி வரலாம், அப்புறம் அறையில் யாரும் மேலதிகாரிகள் இருக்கக் கூடாது. இருந்தால் ஒருவரும் தன் குறையைச் சொல்ல மாட்டார்.

2. கையோடு கொண்டுவரச் சொல்ல வேண்டியவை

பத்து நாள் முன்னதாகவே எழுதி அனுப்புங்கள். நான்கு தாள் போதும்: அவர்கள் கோர்ட்டின் பணிப் பகிர்வு உத்தரவு, நகல் விண்ணப்பப் பதிவேட்டில் கடைசி 20 பதிவுகள், வழக்கு விவரங்களை ஏற்றும் சிஐஎஸ் மென்பொருளில் அடுத்த தேதி போடப்படாமல் கிடக்கும் வழக்குகளின் பட்டியல், கடைசி ஆண்டாய்வின்போது எழுதப்பட்ட குறைகள்.

எல்லாம் கைப்பட எழுதிய நகலாகவோ ஜெராக்ஸாகவோ, கட்சிக்காரர்களின் பெயரை மறைத்து இருக்கட்டும். இதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள், ஏனென்றால் ஒருவர் அசல் பதிவேட்டையே துணிப்பையில் போட்டு டவுன் பஸ்ஸில் கொண்டுவந்திறங்கினார். அன்றைக்கு எனக்குப் பயிற்சி நடத்துவதைவிட அந்தப் பையைக் காவல் காப்பதே வேலையாகிவிட்டது.

கற்பனை உதாரணம் வைத்து நடத்தலாமே என்று தோன்றும். வேண்டாம். கற்பனைக் கோர்ட்டில் எல்லோரும் நல்ல மேற்பார்வையாளர்கள். சொந்தத் தாளில் சொந்தத் தேதி கண்ணில் படும்போதுதான் அறை அமைதியாகும்.

3. காகிதத்தின் பின்னாலேயே நடக்க வையுங்கள்

முதல் நாள் காலை முழுவதும் இதற்குத்தான். மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

நகல் விண்ணப்பத்தில் ஆரம்பியுங்கள். சான்றிட்ட நகலில் வரிசையாகத் தேதிகள் இருக்கும்: விண்ணப்பித்த நாள், முத்திரைத்தாள் அல்லது கட்டணம் கேட்ட நாள், செலுத்திய நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள். இது சும்மா அலங்காரத்துக்கு இல்லை. 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் 12ஆம் பிரிவின்படி, மேல்முறையீட்டுக்கான கெடுவைக் கணக்கிடும்போது நகல் பெறத் தேவைப்பட்ட நாட்கள் கழிக்கப்படும். கீழ்க்கோர்ட் தீர்ப்பாணைமீது உயர் நீதிமன்றத்துக்குப் போக 90 நாள், மற்ற மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 30 நாள். அந்த 30 நாளில் கட்சிக்காரரின் தாமதம் எது, நம் அலுவலகத்தின் தாமதம் எது என்று பிரித்துக் காட்டுவது இந்தத் தேதிகள்தான். ஒரு தேதியைத் தப்பாகப் போட்டால் ஒருவருடைய மேல்முறையீடே கேள்விக்குறியாகலாம்.

இப்போது ஒவ்வொருவரும் தாங்கள் கொண்டுவந்த 20 பதிவுகளில் மிகவும் தாமதமான மூன்றை எடுக்கட்டும். ஒரு வெள்ளைத் தாளில் நீளமாகக் கோடு போட்டு, அந்த விண்ணப்பம் எந்த மேஜையில் எத்தனை நாள் இருந்தது என்று குறிக்கட்டும்: விண்ணப்பத்தை வாங்கிய எழுத்தர், பதிவறை, கட்டணம் கணக்கிடுபவர், தட்டச்சு அல்லது ஜெராக்ஸ், ஒப்பீட்டாளர், சான்றுக் கையெழுத்து.

ஆரம்பத்தில் எல்லோரும் ‘டைப்பிஸ்ட் பற்றாக்குறை’ என்பார்கள். கோடு போட்டு முடித்தால் பெரும்பாலும் தட்டச்சில் ஒரு நாள்தான் போயிருக்கும். வழக்குக் கட்டு பதிவறையிலிருந்து வராமல் எட்டு நாள், கட்டணம் கேட்கும் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டாமல் ஐந்து நாள், இப்படித்தான் இருக்கும். அப்புறம் ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் தலையைக் குனிந்துகொள்வார், ஏனென்றால் தயாரான நகல் சான்றுக் கையெழுத்துக்காக நாலு நாள் கிடந்தது அவர் சொந்த மேஜையில்தான். அவரைக் கிண்டல் செய்ய விடாதீர்கள். என் மேஜையிலும் கிடந்திருக்கிறது என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், உண்மையும் அதுதான்.

இரண்டாவதாக ஒரு சம்மன். பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்டிய நாள், பெஞ்ச் கிளார்க் சம்மன் தயாரித்த நாள், சம்மன்களை வெளியே அனுப்பும் நாசர் பிரிவுக்குப் போன நாள், அதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் கட்டளை நிறைவேற்றுநர் கையில் கொடுத்த நாள், சார்பு செய்து (உரியவரிடம் சேர்த்து) திரும்பிய நாள், கடைசியாக வாய்தா நாள். சம்மன் வாய்தாவுக்கு மறுநாள் திரும்பினால் அது சார்பானதா இல்லையா என்பதற்கே அர்த்தமில்லை, இன்னொரு வாய்தா, இன்னொரு பேட்டா. கட்டளை நிறைவேற்றுநர் போன இடத்தையும் நேரத்தையும் என்ஸ்டெப் செயலி காட்டிவிடுகிறது என்பதால் இப்போது எல்லோரும் வெளியில் நடப்பதையே பார்க்கிறார்கள். அலுவலகத்துக்குள்ளேயே அது எத்தனை நாள் தூங்கியது என்பதை அந்தச் செயலி பிடிக்காது, நாம்தான் பிடிக்க வேண்டும்.

4. வழக்குச் சொத்து: அலுவலகத்தில் முதல் வேலை

பயிற்சியில் இது இரண்டாவது பாடம், ஆனால் அலுவலகத்தில் பொறுப்பேற்ற அன்றே செய்ய வேண்டியது. காகிதம் எப்படி நகர்கிறது என்று பார்த்த பிறகு சொன்னால்தான் இது ஏறும், அதனால் இங்கே வைத்திருக்கிறேன்.

மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குக் போலீஸ் கைப்பற்றிய பொருள்கள், அவற்றைப் பட்டியலிடும் படிவம் 95உடன் வரும். நகை, பணம், செல்போன், அரிவாள், சில சமயம் மோட்டார் சைக்கிள். பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போகிறவர் பட்டியலை நீட்டுவார், ‘எல்லாம் சரியா இருக்கு சார், நான் என்ன ஓடியா போகப்போறேன்’ என்பார். புதியவர் கூச்சப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார். சில வருஷம் கழித்து ஒரு சங்கிலியைத் திருப்பித் தர உத்தரவாகும்போது பொட்டலத்தில் அது இருக்காது, அப்போது கேள்வி கடைசியாகக் கையெழுத்துப் போட்டவரிடம்தான் வரும்.

பயிற்சியில் இதை நடித்தே பார்க்கலாம். பத்து உறைகளில் பொத்தான், சாவி, போலி நகை எதையாவது போட்டு, பட்டியலில் இரண்டு தப்பு வைத்து, ஒருவர் ஒப்படைக்க இன்னொருவர் வாங்கட்டும். ஒப்படைப்பவர் அவசரப்படுத்த வேண்டும், அதுதான் முக்கியம். எண்ணிக்கை சரி, முத்திரை சரி, எடை சரி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவும், சரிபார்க்க முடியாததைப் ‘பார்க்கப்படவில்லை’ என்று பட்டியலிலேயே எழுதி நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுபோகவும் பழகட்டும். இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை, கையெழுத்துக்கு முன்புதான் அந்த இரண்டு நாள் உங்களுடையது.

5. எண்ணப் பழக்குவது

மொத்த எண்ணிக்கையை எல்லோரும் சொல்வார்கள். ‘எங்க கோர்ட்டில் இத்தனை நகல் மனு நிலுவை’ என்பதால் ஒரு பயனும் இல்லை, நாற்பது மனுவும் நேற்று வந்ததாக இருக்கலாம். எத்தனை நிலுவை என்று கேட்காமல், மிகப் பழையது எது, ஏன் நிற்கிறது என்று கேட்கப் பழக்குங்கள்.

மாலை ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம், மூன்றே மூன்று: மிகப் பழைய நகல் மனு எது, அடுத்த வாரத்து வாய்தாக்களில் சம்மன் திரும்பாதவை எத்தனை, இன்று அழைக்கப்பட்ட வழக்குகளில் அடுத்த தேதி சிஐஎஸ்ஸில் ஏறாதவை எத்தனை. மூன்றாவதை இன்றே பூஜ்யமாக்க வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டு இ-கோர்ட்ஸ் செயலியில் தேதி பார்த்துவிட்டுத்தான் இப்போது ஜனங்கள் பஸ் ஏறுகிறார்கள். தப்பான தேதியை நம்பி ஐம்பது கிலோமீட்டர் வந்தவர் திட்டுவது கவுண்டரில் இருக்கும் பெண்ணைத்தான், தேதி ஏற்றாதவரை அல்ல. போதாததற்கு, தேதியில்லாத வழக்குகளின் எண்ணிக்கையைத் தேசிய நீதித்துறைத் தரவுத் தளம் ஊருக்கே காட்டுகிறது.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, இதற்கென்று ஒரு புதுப் பதிவேடு திறப்பது. இருக்கும் பதிவேடுகளே நிரப்ப ஆளில்லாமல் கிடக்கின்றன, இன்னொன்று எதற்கு? பாக்கெட் நோட்டில் ஒரு வரி போதும்.

6. பணிப் பகிர்வு, நாலு வாரம் கழித்து

பதவியேற்ற முதல் வாரத்திலேயே எல்லோருடைய சீட்டையும் மாற்றுவது புதியவர்களின் பெரிய ஆசை. சோம்பேறி என்று பெயரெடுத்தவரைத் தூக்கிப் பதிவறையில் போடுவார்கள். பதிவறைதான் முதலிலேயே அடைத்துக்கொண்டிருந்த இடம் என்பது 3ஆம் படியில் போட்ட கோட்டில் தெரிந்திருக்குமே.

நாலு வாரம் எண்ணட்டும், அப்புறம் மாற்றட்டும். மாற்றுவதென்றால் நீதிபதி கையெழுத்திட்ட உத்தரவாக இருக்க வேண்டும், ஒவ்வொரு வேலைக்கும் எதிரே இரண்டு பெயர் வேண்டும்: செய்பவர், அவர் விடுப்பில் இருந்தால் செய்பவர். இரண்டாவது பெயர் இல்லாத உத்தரவுகளைத்தான் பயிற்சிக்கு அதிகம் கொண்டுவருகிறார்கள். பெஞ்ச் கிளார்க்குக்குக் காய்ச்சல் வந்த நாளில் அந்தக் கோர்ட் எப்படி நடந்தது என்று கேளுங்கள், பதில் பெரும்பாலும் ‘அவரோட பாஸ்வேர்டை போன்ல கேட்டு வாங்கினோம்’ என்று வரும். சிஐஎஸ்ஸில் யார் பெயரில் என்ன பதிவானது என்பது நாளை ஒரு விசாரணையில் கேட்கப்படும். கடவுச்சொல்லைப் பகிர்வதைவிட மாற்றாளுக்குத் தனியாக உள்நுழைவு வாங்கித் தருவது ஒரு நாள் வேலைதான்.

7. பேசுவது

இரண்டாம் நாள் காலை. சங்கடமான பாடம், கூச்சத்தில் சிரித்தே நேரத்தைக் கடத்திவிடுவார்கள், விடாதீர்கள்.

நேற்று வரை ஒன்றாக டீ குடித்தவரிடம் இன்று வேலை கேட்க வேண்டும். இருவரை எதிரெதிரே உட்கார வைத்துப் பேச விடுங்கள். ஒருவர் மேற்பார்வையாளர், இன்னொருவர் வயதில் மூத்த உதவியாளர். “என்ன தம்பி, சீட்ல உட்கார்ந்ததும் ஆளே மாறிட்டே” என்று மூத்தவர் ஆரம்பிக்கட்டும். பலர் இந்த ஒரு வரியிலேயே கவிழ்ந்துவிடுவார்கள், ஒன்று மன்னிப்புக் கேட்பார்கள் அல்லது குரலை உயர்த்துவார்கள்.

நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். உறவுமுறையை விட வேண்டாம், ‘அண்ணே’ என்று கூப்பிட்டவர் அப்படியே கூப்பிடட்டும், திடீரென்று ‘நீங்க, மிஸ்டர்’ என்றால் அதுவே சண்டைக்கு அழைப்பு. தனியாகப் பேசட்டும், அன்றைக்கே பேசட்டும், ஒரே ஒரு விஷயத்தை எண்ணோடும் தேதியோடும் பேசட்டும். “அண்ணே, 214ஆம் நம்பர் மனு 3ஆம் தேதியிலிருந்து உங்க மேஜையில இருக்கு, எதுல நிக்குது?” இதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். “நீங்க எப்பவுமே லேட் பண்றீங்க” என்றால் பதில் வராது, பழைய கணக்குதான் வரும்.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. பெண் ஊழியர் பாலியல் தொந்தரவு பற்றி ஏதாவது சொன்னால், ‘நான் கூப்பிட்டுப் பேசிடறேன்’ என்று சமாதானம் செய்யக் கூடாது. 2013ஆம் ஆண்டின் சட்டப்படி 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். புகார் அங்கே போக வழி காட்டுவதோடு மேற்பார்வையாளரின் வேலை முடிந்தது. நல்லெண்ணத்தோடு பஞ்சாயத்து செய்யப் போனவர்கள் புகார் கொடுத்தவரையே தனியாக்கியதைத்தான் பார்த்திருக்கிறேன்.

8. எழுதுவது

பேசியும் நகரவில்லை என்றால் குறிப்பாணை. இங்கே புதியவர்கள் இரண்டு ஓரத்துக்கும் போவார்கள்: ஒரு வரிகூட எழுதாமல் இரண்டு வருஷம் பொறுப்பவர், அல்லது வாய்ப்பேச்சே இல்லாமல் வாரம் ஒரு மெமோ தருபவர்.

முதலில் அதிகார எல்லை. அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின்படி வரும் 17(ஏ) (சிறு தண்டனைக்கு), 17(பி) (பெருந்தண்டனைக்கு) குற்றச்சாட்டுக் குறிப்பாணை என்பது ஒழுங்கு நடவடிக்கை அதிகாரியின் கையில் இருப்பது. தலைமை எழுத்தரால் விளக்கம் கேட்க முடியும், நீதிபதிக்கு அறிக்கை வைக்க முடியும், அவ்வளவுதான். ‘17பி போட்டுடுவேன்’ என்று மிரட்டினால் எதிரில் இருப்பவருக்கு விதி தெரியும், உங்கள் மதிப்பு அந்த நிமிஷமே போய்விடும்.

அப்புறம் வாசகம். ‘தாங்கள் தொடர்ந்து அலட்சியமாகவும் பொறுப்பற்ற முறையிலும் பணிபுரிந்து வருவது வருந்தத்தக்கது’ என்று ஒருவர் எழுதிக் காட்டினார், அழகான தமிழ்தான், ஆனால் அதில் பதில் சொல்ல ஒன்றுமே இல்லை. அதையே இப்படித் திருத்தினோம்: ‘நகல் மனு எண் 214, தங்களிடம் 3ஆம் தேதி ஒப்படைக்கப்பட்டது. 10ஆம் தேதியும் 15ஆம் தேதியும் வாய்மொழியாகக் கேட்கப்பட்டது. இன்று வரை கட்டணம் கணக்கிடப்படவில்லை. காரணத்தை மூன்று நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.’ யார் படித்தாலும், ஐந்து வருஷம் கழித்து விசாரணை அதிகாரி படித்தாலும், என்ன நடந்தது என்று தெரியும். ஒவ்வொருவரும் இதுபோல ஒன்று எழுதிப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கட்டும், அவர் உரிச்சொல்லையெல்லாம் அடித்துவிட்டுத் திருப்பித் தரட்டும்.

தாமத வருகைக்கு மெமோவே தேவையில்லை, மூன்று தாமதத்துக்கு ஒரு தற்செயல் விடுப்புக் கழியும், வருகைப் பதிவேட்டை நேரத்துக்கு மூடினால் போதும். வேண்டியவருக்காகப் பத்து நிமிஷம் திறந்து வைத்தால் அந்த விதி அங்கேயே செத்துவிடும்.

9. நீதிபதியிடம் போவது

கோர்ட் 10.30க்கு அமரும். அதற்கு முன் ஐந்து நிமிஷம் தினமும் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பிரச்சினையை மட்டும் தூக்கிக்கொண்டு போகாமல், இரண்டு வழியும் எழுதி எடுத்துப் போக வேண்டும், முடிவு அவருடையது. கெட்ட செய்தி எதுவும் வக்கீல் வாயிலாக முதலில் நீதிபதி காதுக்குப் போகக் கூடாது, கட்டு காணவில்லை என்றால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். தானே தேடிக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு வாரம் மறைத்தவர்தான் அதிகம் மாட்டுகிறார்.

இன்னொன்று, ‘ஐயா ரொம்பக் கோபமா இருக்கார், சீக்கிரம் முடிங்க’ என்று வேலை வாங்குவது. முதல் மாதம் பலிக்கும். அப்புறம் அடுத்த நீதிபதி வருவார், அவர் கோபப்படாத ஆளாக இருப்பார்.

10. கவுண்டரும் மாமூலும்

சுருக்கமாகவே சொல்லலாம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். நகல் பிரிவில் தாமதம் எவ்வளவு நீளமோ, ‘டீ காசு’ அவ்வளவு. உபதேசம் வேண்டாம், வரிசையை வெளியில் தெரிய வையுங்கள்: தயாரான நகல்களின் எண்களைத் தினமும் காலையில் பலகையில் ஒட்டினால், வக்கீல் குமாஸ்தா உள்ளே வந்து கேட்க வேண்டிய அவசியமே இருக்காது. மனுக்களைத் திருப்பும்போதும் இதே கதைதான். குறைகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுதித் திருப்ப வேண்டும், தவணை தவணையாகத் திருப்பினால் ஒவ்வொரு தவணையும் ஒரு பேரம். பிடிபட்டால் 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் இருக்கிறது என்று ஒரு வரி போதும்.

11. மூன்றாம் மாதம்

சான்றிதழைப் பயிற்சி முடிந்த அன்றே கொடுத்துவிடாதீர்கள். 90 நாள் கழித்து ஒவ்வொருவரிடமிருந்தும் அதே பதிவேட்டின் புதிய 20 பதிவுகளைக் கேளுங்கள், முடிந்தால் அவர்கள் கோர்ட்டுக்கே போய் அரை நாள் உட்காருங்கள். தாமதமான மூன்றுக்கு மறுபடியும் கோடு போடச் சொல்லுங்கள், பழைய தாளையும் பக்கத்தில் வையுங்கள்.

எதுவும் நகரவில்லை என்றால் நான் முதலில் கேட்பது, நேற்று மாலை ஐந்து மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றுதான். ‘மாதாந்திர அறிக்கை டைப் பண்ணிக்கிட்டிருந்தேன் சார்’ என்று பதில் வந்தால், அவரை மறுபடியும் 3ஆம் படியில் உட்கார வைக்கிறேன்.